ஒரு ஸ்லைடு, மூன்று வேலை

1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்கென வெளிவந்த பவர்பாயிண்டின் முதல் பதிப்பு, ஓ.எச்.பி. எனப்படும் ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் ஷீட்டுகளைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுத் தருவதற்காகவே முதன்மையாகச் செய்யப்பட்டது. கலிபோர்னியாவில் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின், தாமஸ் ரட்கின் ஆகியோர் அதை உருவாக்கினார்கள். சில மாதங்களிலேயே மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. மென்பொருளுக்கு இருபது வயதானபோது, 2007இல், காஸ்கின்ஸ் ஒரு பேட்டியில் தன் வருத்தத்தைச் சொன்னார். முன்பெல்லாம் விரிவாக ஓர் அறிக்கை எழுதிவிட்டு, அதை எடுத்துச்சொல்லத்தான் ஷீட் போட்டார்கள். இப்போது அறிக்கை எழுதுவதையே பலர் விட்டுவிட்டார்கள், ஆதாரமும் விவரமும் இல்லாத சுருக்கம் மட்டுமே மிஞ்சுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

பவர்பாயிண்ட் பற்றி நாம் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தவை என்பது என் கணிப்பு. ஒரே கோப்பு இன்று மூன்று வேலை பார்க்கிறது. பேசுபவருக்கு அது நினைவுக்குறிப்பு. அரங்கில் இருப்பவருக்குக் காட்சி. வராதவருக்கு மின்னஞ்சலில் போகும் ஆவணம். நினைவுக்குறிப்புக்கு இரண்டு சொல் போதும், அது பிறருக்குப் புரிய வேண்டிய தேவைகூட இல்லை. காட்சிக்கு ஒரு படமும் அதிலிருந்து பெறும் ஒரு முடிவும் வேண்டும். ஆவணத்துக்கோ முழு வாக்கியம், நிபந்தனை, அளவு, ஆதாரம் எல்லாம் வேண்டும். மூன்றையும் ஒரே பக்கத்தில் திணிக்கும்போது பேசுபவர் திரையைப் பார்த்துப் படிக்கிறார், கேட்பவர் அவரை முந்திக்கொண்டு படித்து முடித்துவிடுகிறார், வராதவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

பழைய முறையில் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு. 35 மி.மீ. ஸ்லைடு என்றால் படத்தை வரைந்து, ஒளிப்படம் எடுத்து, கழுவி, சட்டத்தில் பொருத்த வேண்டும். கோடக்கின் கேரசல் புரொஜெக்டர் 1961இல் வந்து 2004 வரை உற்பத்தியில் இருந்தது. அந்தக் காலம் முழுக்க ஒரு ஸ்லைடுக்கு ஆகும் செலவும் நேரமும், எது தேவை என்று பேசுபவரை முன்கூட்டியே யோசிக்கவைத்தன. நம் கல்லூரிகளில் ஓ.எச்.பி. ஷீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய ஆசிரியர்களும் அப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். கணினி அந்தத் தடையை எடுத்துவிட்டது. புதிய ஸ்லைடைத் திறந்ததும் மேலே தலைப்புக்கு ஒரு பெட்டியும் கீழே புள்ளிப் பட்டியலுக்கு ஒரு பெட்டியும் தயாராக நிற்கின்றன. 90களின் நடுவில் சேர்த்த ஒரு வசதி, பொருளைத் தேர்ந்தெடுத்தால் உள்ளடக்கச் சட்டகத்தையே நிரப்பிக் கொடுத்தது. 2007 பதிப்பில் அதை நீக்கினார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அதைவிடப் பெரிதாக அதே வேலையைச் செய்கின்றன. ஒரு வரி கொடுத்தால் இருபது ஸ்லைடு வந்துவிடுகிறது. என்ன சொல்லப்போகிறோம் என்பது முடிவாகும் முன்பே சொல்லும் வடிவம் முடிவாகிவிடுவது எனக்குக் கவலை தருகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு ஸ்லைடை அருகில் வைத்துக் காட்ட வேண்டும். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டுச் சுமார் 82 நொடியில், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் விண்ணில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அந்த அடியால் ஆபத்து உண்டா என்று போயிங் பொறியாளர்கள் கணித்து நாசாவுக்கு விளக்கினார்கள். விளக்கம் ஸ்லைடுகளாக வந்தது. அவற்றில் ஒன்றைத் தகவல் வரைகலை ஆய்வாளர் எட்வர்ட் டஃப்டி பிற்பாடு வரிவரியாக ஆராய்ந்தார். விபத்து விசாரணைக் குழு அந்த ஆய்வைத் தன் அறிக்கையிலேயே சேர்த்துக்கொண்டது.

அந்த ஸ்லைடின் தலைப்பு ஆறுதல் சொல்கிறது: வெப்பக்காப்பு ஓடுகள் துளைபடுவது பற்றிய நம் கணிப்புமுறை உண்மையைவிட அதிகச் சேதத்தையே காட்டும், ஆகவே பயமில்லை என்ற தொனி. அதன் கீழே பெரிய புள்ளி, அதன் உட்புள்ளி, உட்புள்ளிக்குள் இன்னொரு புள்ளி எனப் படிப்படியாக எழுத்து சிறுத்துக்கொண்டே இறங்குகிறது. ‘குறிப்பிடத்தக்க’ என்று பொருள்படும் சொல் ஐந்து இடத்தில் வருகிறது. எந்த இடத்திலும் எவ்வளவு என்ற அளவு இல்லை. ஓடு ஒருமுறை துளைபட்டுவிட்டால் பெருஞ்சேதம் நேரலாம் என்பது நடுவில் ஒரு கிளைப்புள்ளியாக ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், மிகச் சிறிய எழுத்தில், உண்மையான செய்தி: மோதிய துண்டின் பருமன் 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. கையில் இருந்த சோதனைகளை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அந்தப் பக்கத்தின் முடிவாக இருந்திருக்க வேண்டும். தலைப்பில் இருந்ததோ அதற்கு நேர் எதிரானது.

பிப்ரவரி 1 அன்று தரையிறங்க இன்னும் கால்மணி நேரமே இருந்தபோது விண்ணோடம் சிதறியது. பிறகு விசாரணைக் குழு அதே அளவிலான நுரைத்துண்டை இறக்கையின் முன்விளிம்புத் தகட்டின் மீது எய்து பார்த்தபோது ஓரடிக்கும் மேல் அகலமான துளை விழுந்தது. ஒரு ஸ்லைடு ஏழு உயிரைக் குடித்தது என்று சொல்லிவிடக் கூடாது. இறக்கையைச் செயற்கைக்கோள் மூலம் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்ற பொறியாளர்களின் கோரிக்கையை நிர்வாகம் ஏற்கவில்லை. அது தனிக் கதை. ஆனால் தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடுகளையே நம்பும் பழக்கம் நாசாவில் ஊறிப்போயிருந்ததை விசாரணைக் குழு பெயர் சொல்லியே கண்டித்தது. அப்படியொரு ஸ்லைடில் மேலதிகாரி தலைப்பைப் படித்து, அது சொல்வதை நம்பிவிடுவது எளிது. அவருக்கு ஆவணம் தேவைப்பட்டது; கிடைத்தது நினைவுக்குறிப்பு.

டஃப்டி இதே 2003இல் வெளியிட்ட சிறு நூல் பவர்பாயிண்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அவர் சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதிக்கு மறுப்பு அவர் முன்பே ஆராய்ந்த இன்னொரு விபத்திலேயே இருக்கிறது. 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் சேலஞ்சர் விண்ணோடம் புறப்படக் கூடாது என்று தயோக்கால் நிறுவனப் பொறியாளர்கள் வாதாடினார்கள். குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்பது அவர்களின் அச்சம். அன்றைக்குப் பவர்பாயிண்டே பிறக்கவில்லை. அவர்கள் அவசரமாகத் தயாரித்த அட்டவணைகளைத் தொலைநகலில் அனுப்பினார்கள். முந்தைய பறத்தல்களின் வெப்பநிலையும் வளையச் சேதமும் ஒரே வரைபடத்தில் எங்கும் சேர்ந்து வரவில்லை; வந்திருந்தால் ஆபத்து கண்ணில் அறைந்திருக்கும் என்றார் டஃப்டி. அந்தப் பொறியாளர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஸ்ஜோலி பின்னாளில் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை மறுத்தார். டஃப்டி வரைந்த வரைபடத்துக்கு வேண்டிய தரவு அன்றிரவு தங்களிடம் இல்லை, அவர் வெவ்வேறு வெப்பநிலைகளைக் குழப்பிக்கொண்டார் என்பது அவர்கள் வாதம். இந்த வழக்கில் யார் பக்கம் நின்றாலும் ஒன்று தெளிவாகிறது: மென்பொருள் வருவதற்கு முன்பும் இதே கோளாறு இருந்தது. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டியவற்றைத் தனித்தனித் துண்டாக நறுக்குவதே கோளாறு. புள்ளிப் பட்டியல் அதை எளிதாக்குகிறது, அவ்வளவுதான்.

இனி ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் சோதனைகள் காட்சிவழிக் கற்றல் பற்றிய ஆய்வுக்கு அடித்தளம். மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் ஒரு சிறிய அசைபடத்தை ஒரு குழுவுக்குக் குரல் விளக்கத்தோடு காட்டினார். இன்னொரு குழுவுக்கு அதே படம், அதே குரல், கூடவே குரல் சொல்லும் சொற்கள் அப்படியே திரையிலும். இரண்டாவது குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது, ஆனால் அவர்கள் குறைவாகவே விளங்கிக்கொண்டார்கள். காரணம் எளிது. படத்தையும் கண்தான் பார்க்க வேண்டும், எழுத்தையும் கண்தான் படிக்க வேண்டும். ஒன்றைப் பார்க்கும்போது மற்றது தவறிப்போகிறது. சுவைக்காகச் சேர்த்த, பொருளுக்குத் தொடர்பில்லாத துணுக்குகளும் படங்களும்கூடக் கற்றலைக் குறைக்கின்றன என்று அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் காட்டினார்கள். ஸ்லைடின் மூலையில் சுழலும் பூமி உருண்டையும் ஒவ்வொரு பக்கத்திலும் வரும் கல்லூரிச் சின்னமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இந்த முடிவை ‘திரையில் எழுத்தே கூடாது’ என்று விதியாக்கிக்கொண்டவர்கள் உண்டு. அது அவசரம். மேயரே எல்லை வகுத்திருக்கிறார்: சொற்கள் புதியவையாகவோ கேட்பவரின் தாய்மொழியில் இல்லாதவையாகவோ இருந்தால் திரையில் எழுத்து உதவும், படத்தின் பக்கத்திலேயே ஓரிரு சொற்களாக இருந்தாலும் உதவும். நமக்கு இது மிக முக்கியமான விதிவிலக்கு. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில் ஆங்கில வகுப்பில் உட்காரும் மாணவிக்கு, ஆசிரியர் வாயில் விரைந்து ஓடும் ஒரு கலைச்சொல் காதில் சரியாக விழாது. அந்தச் சொல் எழுத்தாகத் திரையில் நின்றால் அவள் அதைக் குறித்துக்கொள்வாள், மாலையில் தேடிப் படிப்பாள். அவளுக்காகக் கலைச்சொல்லை எழுதுங்கள், பத்தியை எழுதாதீர்கள். சோதனைகளின் இன்னொரு வரம்பையும் நினைவில் வைக்க வேண்டும்: அவை பெரும்பாலும் சில நிமிடப் பாடங்களை வைத்துக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டவை. ஒரு மணி நேர வகுப்புக்கு அவற்றை அப்படியே நீட்டும்போது நிதானம் தேவை.

பயிற்சி வகுப்புகளில் உலவும் விதிகளுக்கு இந்த அளவு அடித்தளம்கூட இல்லை. ஆறு வரி, வரிக்கு ஆறு சொல் என்ற விதியை எந்தச் சோதனையும் பெற்றெடுக்கவில்லை. ஏழு புள்ளிவரை போகலாம் என்பதற்கு ஜார்ஜ் மில்லரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அவர் பேசியது உடனடி நினைவின் கொள்ளளவைப் பற்றி, கண்ணெதிரே எழுதியிருக்கும் பட்டியலைப் பற்றி அன்று. பேச்சின் தாக்கத்தில் சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான், மீதி குரலும் உடல்மொழியும் என்று ஆல்பர்ட் மெஹ்ராபியன் பெயரில் சொல்லப்படுவது இவற்றில் மிகத் தீங்கானது. 1967இல் அவர் ஆராய்ந்தது, ஒருவர் தன் விருப்பு வெறுப்பைச் சொல்லும்போது சொல்லும் தொனியும் முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதை மட்டுமே. அதை நம்பி எத்தனையோ இளைஞர்கள் சொல்ல வேண்டியதைத் தேடாமல் கையசைவைப் பயில்கிறார்கள். கை கவாசாகியின் 10-20-30 விதி, அதாவது பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், 30 புள்ளி எழுத்து, தொழில் தொடங்க முதலீடு கேட்டு வருபவர்களுக்காகச் சொன்னது. எழுத்தளவைப் பொறுத்தமட்டில் மற்றவர்களுக்கும் நல்ல யோசனை.

இந்த விதிகளைவிட எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் அலி பரப்பிவரும் முறை. ஸ்லைடின் தலைப்பு ஒரு பொருட்பெயராக நிற்காமல், அந்தப் பக்கத்தின் முடிவைச் சொல்லும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். அதன் கீழே புள்ளிகளுக்குப் பதிலாக அந்த முடிவுக்கான காட்சி ஆதாரம் இருக்க வேண்டும். பொறியியல் மாணவர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இப்படி அமைந்த ஸ்லைடுகளைப் பார்த்தவர்கள் வழக்கமான ஸ்லைடுகளைப் பார்த்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ‘நிலத்தடி நீர்மட்டம்’ என்று தலைப்பிட்டால் எதை வேண்டுமானாலும் கீழே கொட்டலாம். ‘ஏரி தூர் வாரிய ஊர்களில் மட்டுமே கிணற்று நீர் ஏறியது’ என்று தலைப்பிட்டால் அதை மெய்ப்பிக்கும் வரைபடம் ஒன்று வந்தே ஆக வேண்டும், தொடர்பற்றவை தாமாகக் கழன்றுவிடும். வாக்கியம் வரவில்லை என்றால் அந்த ஸ்லைடுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று பொருள். கொலம்பியா ஸ்லைடின் தலைப்பும் முடிவைச் சொன்னதுதானே என்று கேட்கலாம். சொன்னது, ஆனால் கீழே இருந்த ஆதாரம் அந்த முடிவைத் தாங்கவில்லை, புள்ளிப் பட்டியலில் அது புலப்படவும் இல்லை. 1920, 3 என்ற இரு எண்களையும் அவற்றின் அளவுக்கேற்ற இரு கட்டங்களாக வரைந்து காட்டியிருந்தால் அந்தத் தலைப்பு ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது.

காட்சி ஆதாரம் என்றதும் பை சார்ட்டுக்கு ஓடுகிறோம். 1984இல் வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கிலும் செய்த சோதனைகளின்படி, ஒரே அளவுகோலில் எது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையே மனிதக் கண் மிகச் சரியாக ஒப்பிடுகிறது. கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறுகிறது. ஆகவே பட்டை வரைபடம் பை சார்ட்டைவிடப் பெரும்பாலும் மேல். முப்பரிமாண நிழல் கொடுத்தால் அந்தப் பட்டையும் பொய் சொல்லத் தொடங்கும்.

நல்ல காட்சியும் நல்ல பேச்சும் எப்படி வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஸ்வீடனின் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006இல் டெட் மேடையில் செய்ததைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி. குறுக்கே, ஒரு பெண் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை. மேலே, சராசரி ஆயுள். குமிழிகளை ஓடவிடும் முன் அவர் அச்சுகளை நிதானமாக விளக்கினார், குமிழியின் அளவு மக்கள்தொகை என்றார், இந்த மூலை பெரிய குடும்பமும் குறைந்த ஆயுளும், அந்த மூலை சிறிய குடும்பமும் நீண்ட ஆயுளும் என்று காட்டினார். அதன் பிறகே 1962இலிருந்து உலகம் நகரத் தொடங்கியது, அவர் குரல் பந்தய வர்ணனைபோல் அதைத் துரத்தியது. திரையில் ஒரு வாக்கியம்கூட இல்லை. படம் சொல்லாததைக் குரல் சொன்னது, குரலால் முடியாததைப் படம் காட்டியது. நம் கருத்தரங்குகளில் வரைபடம் வந்த உடனேயே ‘இதில் காண்பதுபோல்’ என்று முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். கேட்பவர் இன்னும் அச்சைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஸ்லைடே வேண்டாம் என்ற கட்சியும் வலுவாக இருக்கிறது. 2004 ஜூனில் அமேசானின் ஜெஃப் பெசோஸ் மேல்நிலைக் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்தினார். ஆறு பக்கத்துக்கு மிகாமல் தொடர்ச்சியான உரைநடையில் குறிப்பு எழுதி வர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் முதலில் மௌனமாக அதைப் படிக்க வேண்டும், பிறகே பேச்சு. ‘ஆகவே’, ‘ஆனால்’, ‘ஏனென்றால்’ ஆகியவற்றைப் புள்ளிப் பட்டியலில் விழுங்கிவிடலாம், உரைநடையில் விழுங்க முடியாது. பத்துப் பேர் உட்கார்ந்து முடிவெடுக்கும் அறைக்கு இந்த முறையே சரி என்று நினைக்கிறேன். கொலம்பியா பொறியாளர்களிடம் யாராவது நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்க வேண்டும். முந்நூறு பேர் அமர்ந்த அரங்குக்கோ நுண்ணோக்கிப் படம் காட்ட வேண்டிய மருத்துவருக்கோ இது பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு தேவை; ஒன்றுக்காக மற்றதைத் தடைசெய்ய வேண்டியதில்லை.

தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்கு, ஆங்கில வழிகாட்டி நூல்கள் எதுவும் தொடாத சில சிக்கல்கள் உண்டு. நம் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது இங்கே இரண்டு வரியாகும். அதற்காக எழுத்தைச் சிறிதாக்கினால் முதலில் காணாமல் போவது புள்ளி. கடைசி வரிசையில் இருப்பவருக்கு மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகிவிடுகின்றன, ரகரமும் காலும் குழம்புகின்றன. தடித்த எழுத்தில் ணகரத்தின் சுழிகள் அடைபடும். கீழே இறங்கும் கு, பூ போன்றவற்றை அடிக்கோடு வெட்டும். ஆகையால் அடிக்கோட்டை அறவே தவிர்ப்பது நல்லது. எழுத்தைச் சாய்த்துக் காட்டும் மரபு தமிழ் அச்சில் வேரூன்றியதில்லை, திரையில் அது பிழைபோலத் தெரிகிறது. அழுத்தம் வேண்டும் இடத்தில் நிறமாற்றம் போதும். வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும், இல்லையென்றால் மேல்வரியின் உகரமும் கீழ்வரியின் இகரமும் முட்டிக்கொள்ளும். வாக்கியத்தின் இறுதியில்தான் நம் வினைமுற்று வருகிறது. ‘இல்லை’யும் ‘முடியாது’ம் இரண்டாம் வரிக்குத் தனியாகப் போனால் முதல் வரியை மட்டும் பார்த்தவர் எதிர்மறையை நேர்மறையாக எடுத்துக்கொள்வார். வரியை எங்கே மடிப்பது என்பதை மென்பொருளிடம் விடாமல் நாமே முடிவுசெய்ய வேண்டும்.

எழுத்துருவின் கதையும் இன்னும் முடியவில்லை. பாமினியில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். அதற்குப் பிறகும் பழைய எழுத்துருக்களில் செய்த ஸ்லைடுகள் மாநாட்டு மேடைகளில் இப்படிச் சிதைவதைப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் பல மாத உழைப்பை நினைத்து மனம் வருந்துகிறது. யூனிகோடில் எழுதி, கூடவே ஒரு பி.டி.எஃப். பிரதியும் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் இந்த விபத்து நேராது.

மேடையில் நிற்பது பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் இரண்டோடு நிறுத்துகிறேன். ஸ்லைடு ஓடும்போது விசைப்பலகையில் பி என்ற எழுத்தை அழுத்தினால் பவர்பாயிண்ட் திரையைக் கறுப்பாக்கிவிடும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு திரும்பும். திரை அணைந்ததும் அரங்கின் கண்கள் பேசுபவரிடம் வந்து சேர்கின்றன. முக்கியமான ஒன்றைச் சொல்ல அதைவிட நல்ல நேரமில்லை. இரண்டாவது, கேள்வி நேரம் முழுக்க ‘நன்றி’ என்ற ஸ்லைடைத் திரையில் விட்டுவைக்கும் பழக்கத்தைக் கைவிடுவது. அந்தப் பத்து நிமிடமும் முடிவுகளைச் சொல்லும் ஸ்லைடு அங்கே நின்றால் கேள்விகள் கூர்மையாக வரும். நன்றியை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த மாற்றங்களைத் தொடங்கத் தகுந்த இடம் நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு. சில ஆண்டு ஆராய்ச்சியை ஒரு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டிய பதற்றத்தில் ஆய்வாளர்கள் ஆய்வேட்டின் இயல்களையே ஸ்லைடுகளாக வெட்டி ஒட்டுகிறார்கள். அரங்கில் இருக்கும் துறை மாணவர்களுக்கு ஆய்வேடு கிடைப்பதில்லை, ஆகவே ஸ்லைடே ஆய்வேடாகவும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடுகிறது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஆய்வின் கேள்வி, முறை, கண்டடைந்தவை, வரம்புகள் ஆகியவற்றைச் சொல்லும் நான்கு பக்க உரைநடைக் குறிப்பை முந்தின நாளே கொடுக்கச் சொல்லி விதி செய்யலாம். நினைவுக்குறிப்பை ஆய்வாளர் தன் கையிலிருக்கும் தாளிலோ மென்பொருளின் பேச்சாளர் குறிப்புப் பகுதியிலோ வைத்துக்கொள்வார். திரைக்கு மிஞ்சுவது வரைபடங்களும் களப் படங்களும் கல்வெட்டுப் படிகளும் மட்டுமே. அறுபது ஸ்லைடு பதினைந்தாகும், மிச்சமாகும் நேரத்தில் மாணவர்கள் கேள்வி கேட்பார்கள்.